நாலாவது பை

சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிற அந்த ஷெட்டில் அவளுக்கு அலம்பலக்கா என்று பெயர். ஏதோ அலம்பல் பண்ணுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எஞ்சின்களை அலம்புகிறவள், அதனால் அலம்பலக்கா. யாரோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் பதினேழு வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலாளி முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிடுவார்.

எண்ணெயும் மசியும் அப்பிக்கொண்டு வருகிற எஞ்சினைக் கரைப்பான் அடித்துக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து உலர்த்திக் கொடுப்பது அவள் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். குனிந்து நிமிர்ந்து செய்து பார்த்தால்தான் தெரியும். கரைப்பான் வாசனை எந்த சோப்புக்கும் போகாது. அவள் பிசைகிற சோற்றில் அந்த வாசனை, தலையணையில் அந்த வாசனை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அம்மா கையால் தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்று ஓடுவாள்.

அவள் வீட்டுக்காரர் அதே ஷெட்டில் பெரிய மெக்கானிக். காத்து மெக்கானிக் என்றால் பக்கத்து விமானத் தளங்களில்கூடத் தெரியும். அவருடைய கைவரிசை எல்லாம் காற்றுப் பம்பில்தான். எஞ்சினின் முதுகுப் பக்கம், இரண்டு கை முஷ்டியைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கும். அது உறிஞ்சுகிற காற்றில்தான் பைலட்டுக்கு முன்னால் இருக்கிற கருவிகளுக்குள் சின்னச் சக்கரங்கள் சுற்றுகின்றன. மேகத்துக்குள் புகுந்துவிட்ட மனுஷனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது, உடம்பு சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும். அந்தச் சக்கரம் சொல்வதைத்தான் நம்பிப் போக வேண்டும். பம்ப் நின்றால் சக்கரம் உடனே நிற்காது. மெல்ல மெல்ல ஓய்ந்து சாயும், சாய்கிறதைப் பைலட் உண்மை என்று நம்பித் தானும் சாய்வான்.

இந்தப் பம்புக்குள் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. பென்சிலில் இருக்குமே, அந்த மாதிரிக் கரியில் செய்த தகடுகள்தான் உள்ளே ஓடும். தாங்களே தேய்ந்து, தேய்ந்த தூளிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் ஈரம் பட்டால் தொலைந்தது. தூள் பசையாகும், தகடு ஒட்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் உள்ளே உடைந்துபோகும். ஆகவே எஞ்சினைக் கழுவுகிறதற்கு முன்னால் பம்பை மூடிக் கட்டியாக வேண்டும். இது அங்கே புதிதாகச் சேருகிறவனுக்குக்கூட முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம்.

அதற்கென்று நாலு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார்கள். ரொட்டி வாங்கிய பைகள்தான். தீப்பொறி கொடுக்கிற பெட்டிகள் இரண்டுக்கு இரண்டு, மின்சாரம் தருகிற டைனமோவுக்கு ஒன்று, நாலாவது பம்புக்கு. நாலையும் கட்டுவது காத்து மெக்கானிக்தான். பம்ப் இருக்கிற இடுக்கில் அவர் கை நுழைவதற்குள் முட்டியெல்லாம் சிராய்த்துக்கொள்ளும், அவள் கை சுலபமாக நுழையும். நான் கட்டித் தரட்டுமா என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போடுகிற கைதான் கட்ட வேண்டும், கழுவுகிற கை கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது அவர்கள் இரண்டு பேருக்குள் அவரே போட்ட சட்டம், வேறு யாருக்கும் தெரியாது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கரைப்பான் துப்பாக்கியைத் திறக்குமுன் "கட்டியாச்சா?" என்று அவள் கேட்பாள். "ஆச்சு, கழுவு" என்று அவர் சொல்வார். பதினேழு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். வீட்டில்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு மழை மூட்டம். மலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோகிற விமானம் கழுவ வந்திருந்தது. காலையில் வந்தது, மறுநாள் விடிந்ததும் பறக்க வேண்டும். போன மாதம் அது இரண்டு தரம் பழுதாகி நின்றுவிட்டதில் முதலாளிக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். காத்து மெக்கானிக் மூன்று பையைக் கட்டி, நாலாவதைக் கையில் எடுத்தபோது முதலாளி போனில் கூப்பிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் அந்தப் பக்கம் நகர்ந்து போனார். அவள் பிரஷ்களை நனைத்து வைத்துவிட்டு வந்து, வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு விமானத்தின் அடியிலிருந்து, "ஆச்சு, கழுவு" என்று பதில் வந்தது. கழுவினாள்.

முடிந்த பிறகு பைகளைக் கழற்றித் துடைத்து அடுத்த தரத்துக்குக் காயப்போடுவதும் அவள் வேலைதான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைக் காணோம். இடுக்கில் கையை விட்டாள். பம்ப் சில்லென்று, நனைந்து கிடந்தது. அவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், தரையில் தேடினார், பிறகு என்னவோ தோன்றித் தன் சட்டைப்பையைத் தொட்டார். பை அங்கே மடித்து வைத்தபடி இருந்தது, ரப்பர் வளையம் சுற்றி.

அப்புறம் அவர் துணியை எடுத்து பம்பைத் துடைத்தார். காற்றடித்தார். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தார். உறிஞ்சுகிற அளவைக் காட்டும் முள் பச்சைக் கோட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"கழட்டிடலாங்க" என்றாள் அவள். "உள்ள போயிருக்கும்."

"முள்ளப் பாத்தியா இல்லியா? நல்லாதானே நிக்குது."

"நீங்கதானே சொல்வீங்க, முள் கடைசி வரைக்கும் நல்லாதான் காட்டும்னு."

புதுப் பம்ப் வர பத்து நாள் ஆகும், பத்து நாள் மருந்து விமானத்தை நிறுத்தி வைத்தால் முதலாளி என்னைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார், உனக்கு என்ன தெரியும் என்று அவர் அடித் தொண்டையில் சீறினார். ஓடுகிற சூட்டில் எல்லாம் காய்ந்துவிடும் என்றார். பிறகு குறிப்பேட்டில் நாலும் மூடிக் கழுவப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் மூன்று பையைக் காயப்போட்டாள். பிறகு நாலாவதையும் நனைத்து, அதோடு காயப்போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

விமானம் அதற்குப் பிறகு ஒன்பது நாள் பறந்தது. மருந்து பைலட் தங்கமான பிள்ளை. ஷெட்டில் யாரையும் மட்டு மரியாதை இல்லாமல் பேசமாட்டான். கழுவின எஞ்சினைப் பார்த்துவிட்டால், "அக்கா, இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம் போல இருக்கே" என்பான். அந்த ஒன்பது நாளும் விடியற்காலை அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். ஒவ்வொரு நாளும் டம்ளரை நீட்டும்போது பயமாக இருக்கும். அவன் சாயங்காலம் திரும்பி இறங்குகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த வேலையில் கை போகும். ஆறாம் நாள், ஏழாம் நாள் ஆனதும் அந்தப் பயமும் பழகிவிட்டது. காய்ந்துதான் போயிருக்கும், அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் டீ கொடுத்தபோது அவன் ஏதோ வேடிக்கை சொல்ல, நிஜமாகவே சிரித்தாள்.

பத்தாம் நாள் மலையில் மேகம் இறங்கியிருந்தது. மேகத்துக்குள் பம்ப் உடைந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வெளியே வந்து, மரங்களை உரசிக்கொண்டு போய் ஒரு வயலில் விழுந்தது. ஆளை உயிரோடு எடுத்தார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்த அன்று நடுப்பகலில் காத்து மெக்கானிக் வீட்டுக்கு வந்துவிட்டார். பகலில் அவர் வீட்டுக்கு வருகிற ஆளே இல்லை. மகள் அப்போது காலேஜில் இருந்தாள். அவளும் அப்பாவைப் போலவே விமான வேலைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பார்த்ததும் அவள் மனசு இளகிவிட்டது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

அழுது முடித்ததும் அவர் கணக்காகப் பேசினார். லைசென்ஸ் போனால் போனதுதான், இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது. இந்த வீடு ஷெட்டுக்காரர்கள் கொடுத்தது, இதையும் காலி பண்ணச் சொல்வார்கள். மகளுடைய படிப்பு நின்றுபோகும். போதாக்குறைக்கு அவளுக்கு நாளைக்கு வேலை கொடுக்கிற எவனும், இன்னார் மகளா என்று கேட்பான்.

"உனக்கு லைசென்ஸா இருக்கு, போறதுக்கு?" என்றார். "உன்ன என்ன செஞ்சிடுவாங்க? வேலைய விட்டு நிறுத்துவாங்க. அவ்வளவுதானே."

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க?"

"பை கட்டறது உன் பொறுப்புன்னு சொல்லு. மறந்துட்டேன்னு சொல்லு." கொஞ்சம் தயங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்ததையும் சொன்னார். "எங்கிட்ட சொல்றதுக்குப் பயந்து மறைச்சிட்டேன்னு சொல்லு."

மறந்தது என்று சொல்வதை அவள் பொறுத்துக்கொண்டாள். மறைத்தது என்று சொல்லச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தலையாட்டினாள். மகளிடம்கூடச் சொல்ல வேண்டாம், சின்னப் பெண், எங்கேயாவது வாய் தவறிவிடும் என்றார். அதற்கும் தலையாட்டினாள். அவருக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

விசாரணை அதிகாரி வயதானவர், அதட்டத் தெரியாதவர். ஒரு தட்டில் உடைந்த பம்பைப் பரப்பி வைத்திருந்தார். உள்ளே கரித்தூள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பசை. அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். அவளை உட்காரச் சொல்லி, பை எப்படிக் கட்டுவீர்கள் என்று விசாரித்தார். அவள் எந்தப் பெட்டிக்கு எந்தப் பை, எத்தனை சுற்று, கீழ்ப்பக்கம் தண்ணீர் வடிய எவ்வளவு விட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஈரம் பட்டால் தகடு எப்படி ஒட்டும் என்பதையும் சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க எப்படிம்மா மறந்தீங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கமிருந்து பேச்சு ஒன்றும் காதில் விழாது. ஆனாலும் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் தலைவலிங்க" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலியா?"

"பயமா இருந்துச்சு. சொல்லல."

"அவர் அடிப்பாரா, திட்டுவாரா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. நல்ல மனுஷன்."

அதிகாரி அதையும் எழுதி முடித்தார். அவளிடமிருந்து வேறு ஒன்றும் வராது என்று தெரிந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பதினேழு வருஷத்தில் அந்த ஷெட்டில் அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

காத்து மெக்கானிக்குக் கண்டிப்பு எழுதி, ஆறு மாதம் வேறொருவர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். மேற்பார்வை பார்த்தவர் அவரிடமே வேலை கற்றவர்தான். அலம்பலக்காவை அன்றைக்கே நிறுத்தினார்கள். அவளுடைய பிரஷ்களையும் கையுறையையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார் முதலாளி. குடியிருப்புப் பெண்கள் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் அவள் வந்து நின்றால் பேச்சு மட்டும் நிற்கும்.

மகள் முதல் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"மறக்கறது யாருக்கும் வரும்மா. எங்க பாடத்துலயே இருக்கு. ஆனா மறைச்ச பாரு, அதான் எனக்குத் தாங்கல. அப்பாகிட்ட சொல்லியிருந்தா அப்பா அப்பவே கழட்டியிருப்பாரு."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதடு வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, ஆமாம்மா தப்புதான் என்றாள். அன்றிலிருந்து மகளுக்கு ஒரு பழக்கம் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், தண்ணீர் குடிக்கப் போகிறவள்போலப் போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

காத்து மெக்கானிக் மட்டும் முதல் இரண்டு மாதம் அவளிடம் அப்படி ஒரு பரிவாக இருந்தார். டீ போட்டுக் கொடுத்தார், முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வந்தார். ஷெட்டில் யாராவது பேச்சை எடுத்தால், விடுங்கப்பா என்று எழுந்து போய்விடுவாராம். அதுவே அவளுக்குப் போதும் என்றிருந்தது. உலகம் முழுக்க என்ன சொன்னாலும் உண்மை தெரிந்த ஆள் ஒருத்தர் கூடவே இருக்கிறார், ராத்திரி பக்கத்தில் படுக்கிறார் என்பது பெரிய தெம்புதானே.

மூன்றாம் மாதம் புது ஆட்கள் நாலு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருநாள் அவர் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட, அவள் எடுத்துக்கொண்டு போனாள். ஷெட்டின் பக்கவாட்டுத் தகரத்துக்குப் பின்னால் வரும்போதே அவர் குரல் கேட்டது. புது ஆட்களை நிற்க வைத்து பம்பைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்டாட்டிதானே என்று நம்பிய பாவத்துக்கு ஒருத்தன் கால் போயிற்று என்றார். பதினேழு வருஷம் ஒரே கேள்விதான் கேட்பேன், கட்டியாச்சா என்று நான் கேட்பேன், ஆச்சு என்று அவள் சொல்வாள் என்றார். அன்றைக்கும் கேட்டேன், அன்றைக்கும் ஆச்சு என்றுதான் சொன்னாள் என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். என் கேள்வியையும் எடுத்துக்கொண்டாரே இந்த மனுஷன் என்று வழியெல்லாம் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே வந்தாள்.

எட்டாம் மாதம் மருந்து பைலட் வந்தான். ஷெட்டுக்கு வந்துவிட்டு, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். கூடவே காத்து மெக்கானிக்கும் வந்தார். அவன் மடக்கிய பேண்டைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடினாள். நாற்காலி போட்டாள். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கட்டையை ஒதுக்குவதற்குள் டம்ளரை நீட்டியதில், டீ அவன் சட்டையில் சிந்தியது.

"பரவால்லக்கா, விடுங்க" என்றான். அவனேதான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. கோபமாக இருந்தேன், இல்லை என்று சொன்னால் பொய், இப்போது இல்லை என்றான். வேண்டுமென்று செய்கிற ஆளா நீங்கள் என்றான். காத்து மெக்கானிக் சுவரில் சாய்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான்கா. ஒன்பது நாள் நீங்கதானே எனக்கு டீ குடுத்தீங்க. ஒருநாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேனே."

அவள் தலையில் ஏற்றியிருந்த மற்ற எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, யாரிடமும் சொல்லாவிட்டாலும் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. இது அவளுடையதே. புருஷனிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டாள். பறக்கப் போகிறவன் எதிரிலேயே நின்றான், அவனிடம் சொல்லவில்லை. அவன் கட்டையைப் பிடித்திருந்த கைகளைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க தம்பி என்று அழுதாள். எட்டு மாதத்தில் அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவன் எழுந்து, மெல்ல மெல்லப் படி இறங்கிப் போனான்.

மகள் இல்லை. வாசல் கதவைச் சாத்தியாயிற்று. கேட்க வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. காத்து மெக்கானிக் நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பெரிய மனசு அவனுக்கு. வேற ஒருத்தனா இருந்தா வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தியிருப்பான்" என்றார். "அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, அப்பவே பம்பக் கழட்டிக் கடாசியிருப்பேன். விமானம் நின்னா நிக்கட்டும்னு முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னிருப்பேன்."

அவள் அவரையே பார்த்தாள். யாருக்காக இப்படிப் பேசுகிறார் என்று புரியாமல், கதவு நிஜமாகச் சாத்தியிருக்கிறதா என்றுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சொன்னேங்க" என்றாள். "நின்ன எடத்துலயே சொன்னேன். கழட்டிடலாம்னும் சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. இருபத்து மூன்று வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளுக்கு அவர் பொய் சொல்கிற முகம் தெரியாதா? அது அந்த முகம் இல்லை. காய்ச்சலில் பிதற்றுகிறவளைப் பார்க்கிற மாதிரி, அத்தனை இரக்கமாக அவளைப் பார்த்தார்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். "நடந்தது நடந்துபோச்சு. நான்தான் உன்ன இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே."

அவள் தோளில் இரண்டு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.